இரண்டாம் ஓலைக்குப் பிறகு

காலையில் எழுந்ததும் குளிர்ந்த தண்ணீர் குடிப்பவர்களுக்குக் குரல் நிலைக்காது. நான் இன்றுவரை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் கல்லுப்புப் போட்டு வாய் கொப்பளித்த பிறகுதான் யாரிடமும் பேசுவேன். நேற்று ஸ்டேஷனில் நீங்கள் வரவழைத்துக் கொடுத்த ஐஸ் தண்ணீரை நான் தொடாததற்கு அதுதான் காரணம். மனத்தாங்கல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சப்-இன்ஸ்பெக்டர் அம்மா. எங்கள் வீட்டு விஷயத்தில் நீங்கள் ஆரம்பத்திலிருந்தே மரியாதையாகத்தான் நடந்துகொண்டீர்கள்.

அந்த மரியாதையில்தான் எனக்கு ஒரு சிக்கல். சனிக்கிழமை எங்கள் கோயிலின் பங்கு மண்டபத்தில் நடக்கவிருக்கும் விழிப்புணர்வுக் கூட்டத்தில் நான் வாசிப்பதற்கென்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். 'என்னைப் போன்ற வயதானவர்கள் போனில் வருவதையெல்லாம் நம்பிவிடுகிறோம். நான் தெரியாமல் அனுப்பிய ஒரு வதந்தியால் என் மகளுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை அருள்ஜோதி அடித்துக் கொல்லப்பட்டார்' என்று அதில் இருக்கிறது. எழுத்துப் பிழை கிடையாது. நிறுத்த வேண்டிய இடத்தில் புள்ளி வைத்திருக்கிறீர்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளில் இப்படி எழுதுபவர்கள் குறைவு. ஆனாலும் அதை என்னால் வாசிக்க முடியாது. ஏன் என்பதை என் கைப்படவே எழுதித் தருகிறேன்.

என் பெயர் பெரியநாயகசாமி. உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எங்கள் சபையைச் சேர்ந்தவர் இல்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். பங்குச் சாமியாருக்கு அடுத்தபடியாகக் கோயில் காரியங்களைப் பார்ப்பவர்தான் உபதேசியார். சாமியார்கள் சில வருடங்களில் மாற்றலாகிப் போய்விடுவார்கள், உபதேசியார் அங்கேயே கிடப்பார். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த ஊர்களில், பிறந்த பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்ததும், பூசையில் வாசகம் வாசித்ததும், சாவு அறிவிப்பிலிருந்து ஆயரின் சுற்றுமடல் வரை மைக்கில் வாசித்ததும் நான்தான்.

அவை எல்லாவற்றிலும் பெரிது ஓலை. எங்களில் கல்யாணம் நிச்சயமானால் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மணமக்கள் பெயரைக் கோயிலில் அறிவிப்போம். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணம் செய்யவிருக்கிறார்கள், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று அது முடியும். அதைத்தான் ஓலை வாசிப்பது என்போம். முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. மூன்றும் ஆனால்தான் தாலி. அதில் ஓர் இனிஷியல் தப்பினாலும் இரண்டு குடும்பங்கள் சண்டைக்கு வந்துவிடும். நான் தப்பியதே கிடையாது. தாளில் இருந்ததற்கு மேல் ஒரு சொல் சேர்த்ததும் இல்லை, விட்டதும் இல்லை. "உபதேசியார் வாசிச்சா தாள்ல இருக்கறதுதான்" என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய சொத்து எதுவும் இருந்ததில்லை.

பிறகு ஓர் இளம் சாமியார் வந்தார். நல்லவர், சுறுசுறுப்பானவர், எதற்கெடுத்தாலும் சிரிப்பவர். எனக்குப் பொன்னாடை போர்த்தி ஓய்வு கொடுத்துவிட்டு, பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய டிவியை மாட்டினார். அறிவிப்புகள் அதில் எழுத்தாக ஓடின. படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"வீட்டுல பிள்ளைங்க படிச்சுச் சொல்லிடுவாங்க உபதேசியாரே" என்றார்.

பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? பாதிப் பேர் துபாயிலும் சிங்கப்பூரிலும், மீதிப் பேர் திருப்பூரில். என் மகன் கிளமென்ட்டே சிங்கப்பூரில்தான் இருக்கிறான். அவன்தான் எனக்கு ஒரு ஸ்மார்ட்போன் கொண்டுவந்து கொடுத்தான். எங்கள் அன்பியத்துக்கு, அதாவது அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து செபம் சொல்லும் குழுவுக்கு, ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. அதில் வந்து விழுவதையெல்லாம் கிழவிகள் என்னிடம் நீட்டி, "இது என்னான்னு சொல்லுங்க" என்பார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக வாசித்துக் காட்டுவதற்குப் பதில் ஒரே தடவை வாசித்து வாய்ஸ் மெசேஜாகப் போட்டுவிடலாமே என்று தோன்றியது. அப்படித்தான் ஆரம்பித்தேன். எங்கள் வேதத்தைச் சேராதவர்கள்கூட அதைக் கேட்டார்கள். பக்கத்துத் தெருக் காத்தாயி நடவுக்கும் தேங்காய் உரிக்கவும் போகிறவள், எழுத்து வாசனையே இல்லாதவள். "ஐயா, நீங்க வாசிச்சாத்தான் மனசுல நிக்கிது" என்பாள். பழைய உபதேசியார்கள் மட்டும் சேர்ந்த இன்னொரு குரூப்பும் உண்டு. வேளாங்கண்ணியிலிருந்து மயிலாடுதுறை வரை அதில் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களும் என் வாசிப்பை வாங்கித் தங்கள் ஊர்களுக்கு அனுப்பினார்கள். கோயிலில் மைக்கைப் பிடுங்கிய பிறகு டெல்டா முழுக்க என் குரல் போயிற்று.

நீங்களும் என் மகள் ஜெனிட்டாவும் திரும்பத் திரும்பக் கேட்பீர்கள், வயதானவர்கள் எப்படி இதையெல்லாம் நம்புகிறீர்கள் என்று. சொல்கிறேன். எங்கள் காலத்தில் ஒரு சங்கதி எழுத்தில் வந்தால், அது எங்கள் கைக்கு வருவதற்கு முன் யாரோ ஒருவர் அதற்குப் பொறுப்பேற்றிருப்பார். சுற்றுமடலில் ஆயரின் கையெழுத்து இருக்கும். ரேடியோவில் செய்தி வாசிப்பவர் தன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார். எழுதியவன் யாரென்றே தெரியாமல் ஓர் எழுத்து வீட்டுக்குள் வந்து உட்காரும் என்பது எங்கள் புத்திக்கு எட்டாத விஷயம். உங்கள் வயதுக்காரர்கள் எதையுமே நம்புவதில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறீர்கள். ஆனால் பொய் என்று தெரிந்தால் சிரித்துவிட்டு விரலால் தள்ளிவிடுகிறீர்களே தவிர, அதை நிறுத்துவது கிடையாது. அதோடு பெரியவர்கள் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை உங்களில் ஒருவரும் கேட்பதில்லை. இது இந்த வழக்கில் முக்கியம்.

பிளாஸ்டிக் அரிசி விஷயத்தில் நான் ஏமாந்தது உண்மை. அதை மறைக்க மாட்டேன். சோற்றை உருட்டித் தரையில் அடித்தால் பந்துபோல் துள்ளுகிறது, கடையில் விற்பது பிளாஸ்டிக் என்று ஒரு செய்தி வந்தது. மனதார நம்பி வாசித்தேன். மூன்று போகம் விளைந்த மண்ணில் பிறந்தவர்கள், நெல்லைத் தொட்டுப் பார்த்தே ரகம் சொல்லக்கூடியவர்கள், என் குரலைக் கேட்டுவிட்டுத் தங்கள் வீட்டு அரிசியைச் சந்தேகப்பட்டார்கள். காத்தாயி அந்த மாதத்து ரேஷன் அரிசி முழுவதையும் வாய்க்காலில் கொட்டிவிட்டாள்.

அப்போதுதான் அருள்ஜோதி என் விஷயத்தில் தலையிட்டார். அவர் ஷார்ஜாவில் எட்டு வருடம் ரொட்டி சுட்டுவிட்டுத் திரும்பி வந்து, பட்டுக்கோட்டை ரோட்டில் பேக்கரி வைத்திருந்தவர். ஜெனிட்டா வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு எதிரில்தான் கடை. அவளே பேசி, அவளே முடிவு செய்து, பிறகு என்னிடம் வந்து சொன்னாள். அவளுடைய அம்மா பாத்திமா மேரி இறந்த பிறகு என்னையும் வீட்டையும் பார்த்துக்கொண்டது அவள்தான், அவளுக்கு முப்பத்து மூன்று வயதாகியிருந்தது. அதற்கு முன் வந்த வரன்கள் எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருவனுக்கு ழகரமே வரவில்லை. இன்னொருவன் பூசைக்குப் பிந்தி வந்தான். அருள்ஜோதிக்கு ழகரம் நன்றாக வந்தது, பூசைக்கும் நேரத்துக்கு வந்தார். நான் சம்மதித்தேன்.

அருள்ஜோதி ஒரு மூட்டை அரிசியோடு காத்தாயி வீட்டுக்குப் போனார். அங்கேயே சோறு வடித்து, அதை உருட்டித் தரையில் அடித்துக் காட்டி, சோற்றில் இருக்கும் பசைதான் துள்ள வைக்கிறது, எந்த அரிசியானாலும் இப்படித்தான் என்று விளக்கி வீடியோ எடுத்தார். அதை எங்கள் அன்பியம் குரூப்பில் போட்டார். வீடியோவின் கடைசியில் அவர் பேசியது எனக்கு வரி பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "மாமா மேல தப்பு இல்லங்க. யாரோ அவருக்கு அனுப்பியிருக்காங்க. அவருக்குத் தெரியாது, அதான். இனிமே நாங்க சொல்லிக்குடுத்துடறோம்."

கீழே வரிசையாகக் கட்டைவிரல் குறிகள். முதல் கட்டைவிரல் ஜெனிட்டாவுடையது. காத்தாயி அந்த வீடியோவில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்று இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபமும் இருந்தது. ஆனால் அந்த வீடியோவுக்காகத்தான் நான் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. அவ்வளவு சின்ன மனிதன் இல்லை நான்.

உண்மையான காரணம் ஜெனிட்டாவின் நலன். கல்யாணம் முடிந்ததும் மயிலாடுதுறையில் இரண்டாவது கடை போட்டு அங்கேயே குடியேறுவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் மாலை மாற்றிக்கொண்ட கையோடு கேக்கும் வெட்டுகிறார்கள். முட்டை சேர்க்காத கேக்குக்கு அங்கே ஏக கிராக்கி. அருள்ஜோதி தன் வெள்ளை ஆம்னி வேனில் வாரம் ஒரு நடை போய் வந்துகொண்டிருந்தார்.

"நீங்களும் எங்களோட வந்துடுங்க மாமா. மாடியில ஒரு ரூம் போட்டுடலாம். வைஃபை நல்லாக் கெடைக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். ஜெனிட்டாவும் சிரித்தாள். அவள் என் எதிரில் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

அந்த மனிதரைப் பற்றி விசாரித்தேன். தகப்பனாக அது என் கடமை. அவருடைய பங்குச் சாமியாரிடம் கேட்டேன், ஷார்ஜாவில் அவரோடு தங்கியிருந்தவர்களிடம் கிளமென்ட் மூலமாகக் கேட்டேன். குடி இல்லை, வேறு பெண் இல்லை, வாய்ச்சண்டைகூட இல்லை. எல்லோரும் ஒரே மாதிரி நல்லவர் என்றார்கள். அது எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது.

ஓலையை நானே வாசிக்கிறேன் என்று சாமியாரிடம் கேட்டேன். தகப்பன் ஆசை என்று விட்டுக்கொடுத்தார். முதல் ஓலையும் வாசித்தேன், இரண்டாம் ஓலையும் வாசித்தேன். தடை ஏதும் அறிந்தவர்கள் என்ற இடத்தில் வழக்கம்போல் ஒரு மூச்சு நிறுத்தினேன். முன் வரிசையில் ஜெனிட்டா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் எழுந்து எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை அந்தச் செய்தி வந்தது. நீங்கள் கோப்பில் வைத்திருக்கும் அதே செய்திதான். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது, போர்வை விற்பதுபோல் தெருவுக்குள் வருவார்கள், அவர்களுக்குத் தமிழ் தெரியாது, உங்கள் குழந்தைகளைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதி, இறந்துபோன குழந்தைகளின் படம் ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். பிளாஸ்டிக் அரிசிக்குப் பிறகு ஜெனிட்டா எனக்குப் பாடம் நடத்தியிருந்தாள். படத்தைக் கூகுளில் போட்டுத் தேடுவது எப்படி, தேதி பார்ப்பது எப்படி என்றெல்லாம். அவள் சொன்னபடியே செய்தேன். அந்தப் படம் வேறு ஒரு நாட்டில், பல வருடங்களுக்கு முன் எடுத்தது. செய்தி முழுப் பொய். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. இதை நீங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை, வாய் கொப்பளித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அதை வாசித்தேன். எழுத்துச் செய்தியையும் என் வாய்ஸையும் அடுத்தடுத்து அன்பியம் குரூப்பில் போட்டேன். உபதேசியார்கள் குரூப்பிலும் போட்டேன். திருக்கடையூர்ப் பக்கம் இருக்கும் சூசைமாணிக்கத்துக்கு மட்டும் போன் செய்து, "அண்ணே, உங்க பக்கந்தான் நடமாட்டம் அதிகமாம். வாய்ஸ எல்லாருக்கும் போட்டு விடுங்க" என்றேன். அவர் வெள்ளந்தியான மனிதர், என்னைவிட மூத்தவர். நான் சொன்னபடியே செய்திருக்கிறார். அவரை நீங்கள் தொல்லைப்படுத்த வேண்டாம்.

ஜெனிட்டா வேலையிலிருந்து வந்ததும், "அப்பா, இது ஃபேக்குப்பா. படத்தப் பாத்தாலே தெரியல?" என்றாள். எழுத்தை மட்டும்தான் படித்திருந்தாள். குரூப்பில் மறுத்து எதுவும் போடவில்லை. அப்பாவை எல்லோர் முன்னாலும் மறுபடியும் தலைகுனிய வைக்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள். அது அவளுடைய நல்ல மனது.

வியாழக்கிழமை சாயங்காலம் அருள்ஜோதி வீட்டுக்கு வந்தார், கல்யாணப் புடவையின் ரவிக்கைத் துணி கொடுக்க. அவரும் செய்தியைப் பார்த்திருந்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டே நான் பார்த்ததில்லை.

"மாமா, அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் அடிங்க மாமா. சும்மா ஒரு தடவ பாத்துச் சொல்லிடறேன்."

"வாய்ஸ் கேட்டீங்களா மாப்ள?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா, மெசேஜப் படிச்சிட்டேன். அதத்தானே வாசிச்சிருப்பீங்க."

அவர் கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். நான் அவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காபி குடித்துவிட்டு, மறுநாள் திருக்கடையூரில் ஒரு மண்டபத்தில் பெரிய ஆர்டர் இருப்பதாகச் சொன்னார். போகிற வழியிலும் வருகிற வழியிலும் புதுப் புது ஊர்களில் டீக்கடைகளுக்குப் பன் போட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னார். அந்த ஊர்களில் அவரை யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்து ஊர்களில் அவர் வேனைக் கண்டாலே பிள்ளைகள் ஓடிவரும். சாயங்காலம் விற்காமல் மீந்த கிரீம் பன்னை எல்லாம் அவர்களுக்குக் கொடுத்துவிடுவது அவர் வழக்கம்.

வெள்ளிக்கிழமை நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு வாய்க்கால் மதகு ஓரம் வேனை நிறுத்தி, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குப் பன் கொடுத்திருக்கிறார். ஒரு பெண்பிள்ளை பார்த்துவிட்டுக் கத்தியிருக்கிறாள். ஆட்கள் கூடிவிட்டார்கள். தான் பட்டுக்கோட்டைப் பக்கம் என்றும், பேக்கரி வைத்திருப்பதாகவும், இரண்டு வாரத்தில் தனக்குக் கல்யாணம் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். ஜெனிட்டாவின் படத்தைப் போனில் எடுத்துக் காட்டியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணையும் கடத்திவிட்டாயா என்று ஒருவர் கேட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

அங்கே பிடிபட்ட ஒரு பெரியவரின் வாக்குமூலத்தை நீங்களே எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். 'அந்த ஆள் நல்லாத் தமிழ் பேசினான். அதனாலதான் எங்களுக்கு உறுதியாச்சு' என்று அவர் சொல்லியிருந்தார். வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டீர்கள். அம்மா, உங்கள் கோப்பில் உள்ள எழுத்துச் செய்தி அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்றல்லவா சொல்கிறது? தமிழ் பேசியவரை அது காப்பாற்றியிருக்க வேண்டும். பெரியவருக்கு உறுதியானது எப்படி என்று நீங்கள் கேட்கவே இல்லை. என் வாய்ஸை முதல் அரை நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினீர்கள். "இதத்தானே ஐயா வாசிச்சிருக்கீங்க?" என்று எழுத்தைக் காட்டினீர்கள். நான் பதில் சொல்லவில்லை, நீங்களே ஆமாம் என்று எழுதிக்கொண்டீர்கள்.

மீதியையும் கேளுங்கள். நடுவில் இரண்டு வாக்கியங்கள் வரும். 'இவர்களில் சிலர் நல்ல தமிழ் பேசுவார்கள், நம் பக்கத்து ஊர்ப் பெயரையே சொல்வார்கள், ஏமாந்துவிடாதீர்கள். வெள்ளை ஆம்னி வேனில் வந்து பிள்ளைகளுக்குப் பன் கொடுப்பார்கள்.' இந்த இரண்டும் எந்தச் செய்தியிலும் கிடையாது. என் வாழ்நாளில் தாளில் இல்லாததை நான் சேர்த்து வாசித்தது அந்த ஒரு முறைதான். உபதேசியார் வாசித்தால் தாளில் இருப்பதுதான் என்று நம்பிப் பழகியவர்கள், தாளைத் தேடிப் போகவில்லை. படிக்கத் தெரிந்த பிள்ளைகள் குரலைக் கேட்கவில்லை. இரண்டு தலைமுறைக்கும் நடுவில் அந்த இரண்டு வாக்கியங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன.

இன்னொன்றும் உண்டு, இது எந்தப் போனிலும் இருக்காது. வியாழக்கிழமை அருள்ஜோதி கிளம்பும்போது வாசல்வரை கூடப் போனேன். "மீந்த பன்ன வீணாக்காதீங்க மாப்ள. அந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கும் குடுங்க, நாலு வீட்டுல பேர் தெரியும்" என்றேன். "சரிங்க மாமா" என்றார். அவருக்கு அப்பா இல்லை. நான் அக்கறையாகப் பேசினால் முகம் மலர்ந்துவிடும்.

அடித்தது நானல்ல. அடிப்பார்கள் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போடவும் இல்லை. நாலு கேள்வி கேட்டு, இரண்டு அறை விட்டு, போலீஸில் ஒப்படைப்பார்கள், ஊரில் பெயர் கெடும், கல்யாணம் நிற்கும் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதே மாதம் வேறு ஊர்களில் இதே வதந்தியால் ஆட்கள் செத்த செய்திகளை நான்தான் குரூப்பில் வாசித்திருந்தேன். அவை உண்மைச் செய்திகள், அவற்றையும் சரிபார்த்துத்தான் வாசித்தேன்.

ஜெனிட்டாவைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். அடக்கம் முடிந்த அன்று அருள்ஜோதியின் தாயார் என் முகத்துக்கு நேரே மண்ணை வாரி இறைத்தார். ஜெனிட்டா அந்தத் தாயின் காலில் விழுந்தாள். "எங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. வர்றத நம்பிடுவாரு. அவர மன்னிச்சிடுங்க" என்று கதறினாள். உங்களிடமும் அதையே சொன்னாள். சாமியாரிடம் சொன்னாள், கிளமென்ட்டிடம் சொன்னாள். வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறாள். மெலிந்துவிட்டாள். இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. ஆனாலும் சாயங்காலமானால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போனை வாங்கி, "இது உண்மை, இது பொய், இத யாருக்கும் அனுப்பக் கூடாதுப்பா, சரியா?" என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தருகிறாள். நான் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்த அதே பொறுமையோடு சொல்லித்தருகிறாள். போன வாரம் என் தலையைத் தடவி, "உங்க மேல எனக்குக் கோவமே இல்லப்பா. உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

அவள் என்னோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், இருக்கிறாள். இப்படிப் பார்த்துக்கொண்டு இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அருள்ஜோதி வீடியோவில் பேசிய அதே சொல் இப்போது என் வீட்டுக்குள் தினமும் கேட்கிறது. ஊர்க்காரர்கள் என்னைப் பார்த்தால் பாவம் பெரியவர் என்று உச்சுக் கொட்டுகிறார்கள். காத்தாயிகூட. கடைசியில் நீங்களும் அதையே தட்டச்சு செய்து, என் குரலிலேயே என்னை வாசிக்கச் சொல்கிறீர்கள். எந்த நீதிமன்றமும் எனக்கு இதைவிடக் கடுமையாகத் தண்டனை கொடுக்க முடியாது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். செய்தி பொய் என்று எனக்குத் தெரியும். வேன் யாருடையது என்று தெரியும். அவர் வெள்ளிக்கிழமை எந்த வழியாகப் போவார் என்று தெரியும். என் குரலை யார் நம்புவார்கள், யார் கேட்க மாட்டார்கள் என்றும் தெரியும். அருள்ஜோதியைக் கொல்ல வைத்தது நான்தான்.

இந்தத் தாளை முதலில் ஜெனிட்டாவிடம் கொடுங்கள். இந்த ஊரில் அவளுக்கு மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான், இதைப் படித்தால் உடைந்துபோவாள் என்று நீங்கள் தயங்கலாம். தயங்க வேண்டாம், நான் அவளைப் பெற்றவன். நன்றாக அழட்டும். அழுது முடித்த பிறகாவது, தன் அப்பா ஒன்றும் தெரியாத மனிதர் இல்லை என்று அவளுக்குப் புரியும். எனக்கு அது போதும்.